முன்பாய்க்காரி

ஏப்ரல் 12, சனி

மருந்துக் கடையை மூடும் நேரத்தில் ரெஜோ மாமா போன் செய்தார். எங்கள் படகுச் சங்கத்தின் தலைவர். எழுபதைத் தாண்டியும் போட்டி நாட்களில் தொடக்கப் படகில் நின்று கொடி ஏற்றுவது அவர்தான். கொஞ்ச நேரம் சுற்றி வளைத்தார். கடை எப்படி, தூக்கம் வருகிறதா, மூட்டு வலிக்குப் புது மாத்திரை வந்திருக்கிறதா. பிறகு விஷயத்துக்கு வந்தார். என் கணவர் வெண்டெலின் படகு அக்டோபரிலிருந்து கொட்டகையில் கவிழ்த்தபடி கிடக்கிறது. இந்த வருஷம் ஊரே அதே கலோஸ் வகைப் பாய்ப்படகை வாங்குகிறதாம். துறையில் இடம் கேட்டு ஆட்கள் காத்திருக்கிறார்கள். ஓட்டுவதாக இருந்தால் இடம் உனக்கு, இல்லையென்றால் கொடுத்துவிடு அம்மா என்றார்.

கொடுத்துவிடுகிறேன் என்றேன். சொல்லிவிட்டுக் கடையைப் பூட்டினேன்.

கலோஸ்மேல் ஏன் இத்தனை பேருக்கு இந்த மோகம்? வெண்டெல் சொல்வதுதான். எல்லாப் படகும் ஒரே அச்சு. ஒரே நீளம், ஒரே எடை, ஒரே பாய். பணம் இருக்கிறவன் வேகத்தை விலைக்கு வாங்க முடியாது. தோற்றால் படகின்மேல் பழி போட முடியாது. “உன்னைத்தான் நீ திட்டிக்கணும். இல்லேன்னா முன்பாய்க்காரியைத் திட்டணும்” என்பார்.

திருமணமான நாளிலிருந்து அந்த முன்பாய்க்காரி நான். அவர் பின்னால் சுக்கான் பிடிப்பார், நான் முன்னால் உட்கார்ந்து முன்பாயின் கயிற்றைப் பிடிப்பேன். இரண்டு பேர் இல்லாமல் கலோஸ் ஒழுங்காக ஓடாது. அக்டோபரில் அந்த மாலை மட்டும் அவர் தனியாகப் போனார். எனக்குக் காய்ச்சல். மூடுபனி. படகு ஏரியின் மறுகரை நாணலில் பாய் விரித்தபடி கிடைத்தது. அவர் உடலை, ஏரி குறுகும் திஹோன் நீரிணையில், படகோட்டிகள் எடுத்தார்கள். நாங்களே குளிப்பாட்டி, நாங்களே புதைத்தோம். இதை எதற்கு மறுபடி எழுதுகிறேன்?

ஏப்ரல் 13, ஞாயிறு

படகில் பாதி அவர் மகள் வில்லோவுக்கு. சொல்லாமல் விற்கக் கூடாது. செய்தி அனுப்பினேன். பதில் இல்லை.

ஏப்ரல் 19, சனி

பதில் வரவில்லை, அவளே வந்துவிட்டாள். பேச் நகரத்திலிருந்து ரயில் பிடித்து, முன்கூட்டிச் சொல்லாமல், முதுகில் ஒரு பையோடு. வெண்டெலின் முதல் மனைவியின் மகள். இருபத்தைந்து வயது. அவருடைய நெற்றி, அவருடைய பிடிவாதம். அடக்கத்துக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறேன்.

“அப்பா படகை விக்கக் கூடாது” என்றாள், உள்ளே வருவதற்கு முன்னாலேயே.

ஓட்ட ஆள் இல்லை என்றேன். தான் ஓட்டுவதாகச் சொன்னாள். ஒருத்தி போதாதே என்றேன். காலணியைக் கழற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், “நீங்க இருக்கீங்கல்ல” என்றாள்.

நீங்க. முதல் நாளிலிருந்தே அப்படித்தான். இந்த நாட்டில் ஒரே வீட்டில் சாப்பிடுகிறவர்கள் யார் ‘நீங்க’ போட்டுக்கொள்கிறார்கள்? ‘நீ’ என்று கூப்பிடச் சொல்லி வெண்டெல் எத்தனையோ முறை அவளிடம் கெஞ்சியிருக்கிறார். நான் அவள் அம்மாவின் இடத்துக்கு வந்தவள் இல்லை, அவர்கள் பிரிந்து வெகுகாலம் கழித்து வந்தவள். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் நீங்கதான்.

மே 11, ஞாயிறு

முதல் ஓட்டம். அவள் சுக்கான், நான் முன்பாய். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. “திரும்பறேன்.” “சரி.” “இழுங்க.” “இழுத்தாச்சு.” ஆனால் நன்றாக ஓட்டுகிறாள். சின்ன வயதில் அவர் கற்றுக்கொடுத்தது கையில் இருக்கிறது.

துறை முழுக்க வெள்ளைப் படகுகள். எங்கள் சங்கத்துத் தோர்கா வேறு யாருடைய படகிலோ ஏறிப் பாய் கட்டி முடித்த பிறகுதான் அது தன்னுடையது இல்லை என்று கண்டுபிடித்தாளாம். அவள் கணவன் மிக்ஷா அதைக் கரையிலிருந்து பார்த்துக்கொண்டே சும்மா நின்றிருக்கிறான். “கட்டி முடிக்கட்டும்னு பார்த்தேன், பழகட்டுமே” என்கிறான். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். வெகுநாளாயிற்று.

ஒன்று எழுத வேண்டும். போட்டிப் பாதையைக் குறிக்கும் வெளி மிதவைக்கு அப்பால், வெயில் கானலில், ஒரு கலோஸ் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் இருந்தவர் உடம்பை வெளியே சாய்த்து, தலையை மல்லாத்தி, வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வெண்டெல் அப்படித்தான் உட்காருவார். ‘சவரக் கடைக்கு வந்தவன்’ என்று ரெஜோ மாமா கேலி செய்வார். எல்லோரும் பாயைப் பார்ப்பார்கள், அவர் மட்டும் பாயின் உச்சியைப் பார்ப்பார்.

புதிதாகச் சேர்ந்தவர் யாரோ.

மே 12, திங்கள்

ரெஜோ மாமாவிடம் கேட்டேன். புது ஆட்களில் அப்படி உட்காருகிறவர் யாரும் இல்லை என்றார். பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டார்.

ஜூன் 7, சனி

இந்த ஆண்டின் முதல் போட்டி. தொடக்கக் கோட்டில் படகோடு படகு உரசுகிற கூட்டம். மணி அடிப்பதற்குச் சற்று முன், எங்களுக்குக் காற்று வரும் பக்கத்திலிருந்து ஒரு குரல்: “இடம் குடு, இடம்!” வில்லோ சட்டென்று படகை மறுபக்கம் விலக்கினாள். முன்வரிசை போயிற்று. கடைசிக் கும்பலில்தான் முடித்தோம்.

கரைக்கு வந்ததும் ரெஜோ மாமா கேட்டார்: “அவ்வளவு நல்ல இடத்துல நின்னுட்டு எதுக்கும்மா விலகினே? உன் பக்கத்துல யாருமே இல்லையே.”

வில்லோ, காற்று மாறியது என்று சொன்னாள். நான் பாயை மடித்துக்கொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை. அந்தக் குரல் ‘இடம்’ என்பதை இரண்டாவது முறை சொல்லும்போது கொஞ்சம் உடையும். அப்படி உடைகிற ஒரு குரலைத்தான் நான் அறிவேன்.

ஜூன் 8, ஞாயிறு

லாங்கோஷ் கடை வாசலில் நின்று அந்தப் பொரித்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தோம். வில்லோ விரலில் ஒட்டிய பூண்டு எண்ணெயைத் துடைத்துக்கொண்டே, ஏரியைப் பார்த்தபடி கேட்டாள்.

“நேத்து உங்களுக்கும் கேட்டுச்சுதானே?”

ஆமாம் என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். இன்னொரு லாங்கோஷ் வாங்கிப் பாதியை எனக்குப் பிய்த்துக் கொடுத்தாள். முதல் முறை.

எனக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும். இல்லையே. ஏன் இல்லை?

ஜூன் 22, ஞாயிறு

ஜெயித்தோம்.

ஜூன் 23, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. எப்படி ஜெயித்தோம் என்றால், பின்தொடர்ந்து ஜெயித்தோம். முதல் திருப்பத்துக்குப் பிறகு எல்லாப் படகும் இடப்பக்கம் போக, வலப்பக்கத்தில் தள்ளி ஒரே ஒரு பாய். பாயில் எழுதியிருந்த எண் தெரியவில்லை, வெயில். வில்லோ ஒன்றும் சொல்லாமல் அதன் பின்னால் திருப்பினாள். நானும் ஒன்றும் சொல்லாமல் கயிற்றை இழுத்தேன். அது திரும்பிய இடத்தில் காற்று இருந்தது. மறுபடி திரும்பியது, அங்கேயும் இருந்தது. வெண்டெலுக்கு இந்த ஏரியின் மூச்சு தெரியும். கடைசி மிதவையில் எங்களுக்கு முன்னால் யாரும் இல்லை. அந்தப் பாயும் இல்லை.

கரையில் மிக்ஷா கிண்டலோடு காத்து நின்றான். “எதெல்கா, அடியில எஞ்சின் வச்சிருக்கீங்களா? சொல்லிடு, நானும் ஒண்ணு வாங்கிக்கறேன்.” தோர்கா அவனை இடித்துவிட்டு ஒரு டப்பா நிறைய பொகாச்சா பன் கொடுத்தாள். இன்னும் சூடாக இருந்தது. அவளும் முன்பாய்க்காரிதான். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் கை காய்த்திருக்கிறது என்று காட்டிச் சிரித்தாள். மருந்துக் கடையில் அதற்குக் களிம்பு உண்டா என்றாள். உண்டு, நானே போட்டுக்கொள்வதில்லை என்றேன்.

ஜூலை 5, சனி

மறுபடி ஜெயித்தோம். யாரோ புகார் சொல்லியிருக்கிறார்கள். மிக்ஷா இல்லை, அவன் முகத்துக்கு நேரே பேசுகிறவன், முதுகுக்குப் பின்னால் போகிறவன் இல்லை. அளவு பார்ப்பவர் வந்து படகை எடை போட்டார், அடிப்பாகத்தில் அச்சுப் பலகைகளை வைத்து வைத்துப் பார்த்தார், பாயை விரித்து அளந்தார்.

எல்லாப் படகையும் போலத்தான் இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஜூலை 13, ஞாயிறு

இன்று அந்தக் குரல் பேசியது. தொடக்கக் கோட்டில் கேட்ட மாதிரி இல்லை. மெதுவாக, பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுகிற மாதிரி.

“வில்லோ. வா.”

அவள் முகம் — ஏழு வயதுப் பிள்ளையின் முகம். கண்ணீர் ஓடுகிறது, துடைக்கவில்லை, சுக்கானை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

நான் காத்திருந்தேன். போட்டி முடியும்வரை காத்திருந்தேன். என் பெயர் வரவில்லை.

எத்தனை வருஷம் அந்த ஆளின் முன்னால் நனைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்? ஒரு தடவை ‘எதெல்கா’ன்னு சொன்னா என்ன? எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், இதற்குப் பெயர் பொறாமை. ஐம்பதை நெருங்குகிற பொம்பளை, செத்துப்போன புருஷன் பெத்த மகளைக் கூப்பிட்டதுக்குப் பொறாமைப்படறா. யாரிடம் சொல்ல முடியும் இதை.

ஜூலை 14, திங்கள்

கல்லறைக்குப் போனேன். பூவெல்லாம் ஒழுங்காக இருக்கிறது. மண் உட்கார்ந்துவிட்டது. புல் வந்துவிட்டது.

ஜூலை 27, ஞாயிறு

இப்போது வில்லோ எல்லா வார இறுதியிலும் வருகிறாள். போட்டி இல்லாத நாளிலும் படகை எடுக்கச் சொல்கிறாள். சிரிக்கிறாள். சமைக்கிறாள். அவருடைய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டில் நடமாடுகிறாள். இத்தனை வருஷம் கிடைக்காத மகள் கிடைத்தது போல எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது.

ஆனால் இன்று. அந்தப் பாய் மிதவையில் திரும்பவில்லை. நேராகப் போயிற்று, தென்மேற்கே, திஹோன் பக்கம். வில்லோவும் திரும்பவில்லை. மிதவை எங்கள் பக்கவாட்டில் நழுவிப் போவதைப் பார்த்தேன். “வில்லோ, மிதவை” என்றேன். காதில் விழவில்லை. இன்னொரு முறை சொன்னேன். கடைசியில் முன்பாயின் கயிற்றைக் கையிலிருந்து விட்டேன். பாய் படபடவென்று அடித்துக்கொள்ள, அவள் தூக்கத்திலிருந்து எழுந்தவள் போல் விழித்தாள்.

எங்கள் பின்னால் மிக்ஷாவும் தோர்காவும் மிதவையைத் தாண்டி வந்துவிட்டிருந்தார்கள். இப்போதெல்லாம் அவர்கள் எங்களைத்தான் பின்தொடர்கிறார்கள், காற்று எங்கே என்று எங்களுக்குத் தெரியும் என்று நினைத்து. “எங்கம்மா கூட்டிட்டுப் போறீங்க, மறுகரைக்குப் பீர் குடிக்கவா?” என்று மிக்ஷா கத்தினான்.

ஆகஸ்ட் 2, சனி

சண்டை. வீட்டில், பட்டப்பகலில், ஜன்னல் எல்லாம் திறந்திருக்க.

இனி அந்தப் பாயின் பின்னால் போக வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். அது போகிற திசை சரியில்லை, நீரிணைப் பக்கம் போகிறது, அவரை எடுத்த இடம் அது என்றேன். அவர் கெடுதல் செய்வாரா என்று கேட்டாள். அவர் செய்ய மாட்டார், அது அவர்தானா என்று எனக்குத் தெரியவில்லை என்றேன்.

“அவர் என்னைத்தானே கூப்பிடறார்” என்றாள் மெதுவாக. “உங்களைக் கூப்பிடலை. அதுதான் உங்களுக்குப் பிரச்சினை.”

பொய்யாக இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நேற்று நடந்தது. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையிலிருந்து புழுக்கம். ஏரி பால் ஊற்றின மாதிரி அசையாமல் கிடந்தது. இரண்டாவது சுற்றில் தெற்கே வானம் ஈயமாகிக் கரையோர எச்சரிக்கை விளக்குகள் ஆரஞ்சு நிறத்தில் மினுங்க ஆரம்பித்தன. முதலில் நிதானமாக. அப்புறம் வேகமாக. ரெஜோ மாமா போட்டியை நிறுத்திக் கொடி ஏற்றினார். எல்லோரும் துறைக்குத் திரும்பினோம். பாதி வழியில் காற்று வந்து மோதியது. பின்னாலேயே மழை, சுவர் போல. பக்கத்தில் இருந்த படகுகள் ஒவ்வொன்றாகக் கண்ணிலிருந்து மறைந்தன.

அப்போது முன்னால் ஒரு பாய்.

துறை எங்களுக்கு வலப்பக்கம். விளக்கு மங்கலாகத் தெரிந்தது. அந்தப் பாய் இடப்பக்கம் போயிற்று. வில்லோ அதன் பின்னால் திருப்பினாள்.

“துறை இந்தப் பக்கம்” என்று கத்தினேன்.

“அப்பா போறாரு.”

“வில்லோ, விளக்கைப் பாரு. அங்க பாரு.”

“அவருக்கு வழி தெரியும்.”

முன்பாயை விட்டுப் பார்த்தேன். அந்தக் காற்றுக்கு முன்பாய் தேவைப்படவில்லை. படகு பறந்தது. எழுந்து போய்ச் சுக்கானைப் பிடுங்கப் பார்த்தேன், முழங்கையால் தள்ளினாள். என்னைவிடப் பலசாலி. குரல் வந்துகொண்டே இருந்தது. வில்லோ வா, வில்லோ வா. அத்தனை இரைச்சலிலும் அது மட்டும் உரக்க வரவில்லை. பக்கத்து அறையிலிருந்து வந்த மாதிரியே வந்தது.

கலோஸில் முன்னால் இருக்கிறவளுக்குச் சுக்கான் கிடையாது. எடை மட்டும் உண்டு. நாங்கள் இரண்டு பேரும் மேல்விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்ததால்தான் படகு நிமிர்ந்திருந்தது. நான் விளிம்பை விட்டுவிட்டு, கீழ்ப்பக்கத்தில், பாயின்மேலேயே போய் விழுந்தேன்.

கவிழ்ந்தது.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. மேலே வந்தபோது படகு முழுக்கக் குப்புறப் புரண்டிருந்தது. எங்கள் ஏரிக்கு ஆழம் இல்லை. பாய்மரம் அடிச்சேற்றில் குத்திக்கொண்டது. அதனால் காற்று எங்களை இழுத்துப் போகவில்லை. நட்டுவைத்த மாதிரி நின்றோம். வில்லோ இருமிக்கொண்டே, படகின் அடியிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருந்த நடுப்பலகையைப் பிடித்தாள். “என்ன பண்ணினே நீ? என்ன பண்ணினே?” என்று அறைகிற மாதிரி கேட்டாள். நீ என்று அவள் சொன்ன முதல் தடவை அது.

அது திரும்பி வந்தது.

எங்களிடமிருந்து ஒரு படகு நீளம்கூட இருக்காது. சத்தமே இல்லை. பாய் அடிக்கவில்லை, கயிறு முனகவில்லை, முனையில் நுரை இல்லை. பின்னால் அவர், தலையை மல்லாத்தி. வில்லோ ‘அப்பா’ என்று கத்தினாள். திரும்பிப் பார்க்கவில்லை. இத்தனை வாரமும் நான் பின்னால் இருப்பவரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்றுதான் முன்னால் பார்த்தேன்.

முன்னால் யாரும் இல்லை. முன்பாய் இறுக இழுத்துக் கட்டியிருக்கிறது. பக்கத்தில் ஒரு ஆள் உட்கார இடம். காலியாக.

வில்லோவும் அதைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். கத்துவதை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்தாள்.

அது மழைக்குள் போனது. கொஞ்ச நேரத்தில் அதே திசையில் இன்னொரு பாய் போனது. மங்கலாகத்தான் தெரிந்தது. அதில் இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டு பேர் இருந்ததால் எனக்குப் பயம் வரவில்லை. பயம் வராததால் நான் கத்தவில்லை.

கத்தியிருக்கணும்.

மழை விட்ட பிறகு மீட்புப் படகு எங்களை எடுத்தது. துறைக்கு வெகு பக்கத்தில்தான் இருந்தோம். கரையில் ரெஜோ மாமா ஒவ்வொரு படகாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாப் படகும் ஒரே மாதிரி இருப்பதால் முகத்தைப் பார்த்துத்தான் அவரால் ஆளைத் தேட முடிந்தது. மிக்ஷாவும் தோர்காவும் வரவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

மிக்ஷாவை நேற்று இருட்டும் முன் மறுகரை நாணலில் கண்டுபிடித்தார்கள். உயிர் இருந்தது. இன்று தோர்காவை எடுத்தார்கள். நீரிணையில்.

ஆகஸ்ட் 16, சனி

அடக்கம். தேவாலய வாசலில் பத்துப் பேருக்கு நடுவில் மிக்ஷா என்னிடம் வந்தான். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

“உங்க பின்னாலதான் வந்தோம் எதெல்கா. துறைக்குப் போறீங்கன்னு நினைச்சு வந்தோம். தோர்கா உங்க நம்பரைப் படிச்சுச் சொன்னா. நானும் பார்த்தேன். கூப்பிட்டேன். நீ திரும்பியே பார்க்கலை.”

ரெஜோ மாமா அவன் தோளைப் பிடித்து, இவர்கள் துறை வாசலிலேயே கவிழ்ந்து கிடந்தார்கள், நான்தான் படகு அனுப்பினேன், இவர்களாக இருக்க முடியாது என்று எடுத்துச் சொன்னார். மிக்ஷா தலையாட்டினான். நம்பினானா? “நம்பரைப் பார்த்தேனே” என்று மட்டும் மறுபடி சொன்னான், தனக்குத்தானே.

எங்கள் நம்பர்தான். வெண்டெலின் நம்பரும் அதுதானே.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நான் படகைக் கவிழ்த்தது வில்லோவைக் காப்பாற்றவா? அல்லது அவர் என்னை விட்டுவிட்டு அவளை அழைத்துப் போவது பொறுக்காமலா? விழுந்த அந்த நொடியில் என்ன நினைத்தேன் என்று தேடித் தேடிப் பார்க்கிறேன். ஒன்றுமே கிடைக்கவில்லை. எதற்காக இருந்தாலும் வில்லோ உயிரோடு இருக்கிறாள். தோர்கா இல்லை.

ஆகஸ்ட் 23, சனி

வில்லோவிடம் கேட்டேன், என்மேல் கோபமா என்று. “அந்த இடம் காலியா இருந்ததைப் பார்த்தேன். அங்க நான் உட்கார்ந்திருப்பேன்” என்றாள். பிறகு, “இன்னிக்கு ராத்திரிக்கு என்ன சமைக்கறே?” என்றாள்.

செப்டம்பர் 6, சனி

சங்கத்தின் சம்மதத்தோடு படகைக் கொட்டகைக்குப் பின்னால் போட்டு அறுத்தோம். ரம்பத்தை மாறி மாறிப் பிடித்தோம். வில்லோ அழவில்லை, நானும் அழவில்லை. துண்டுகளைப் பார்த்தால் எதுவும் தெரியவில்லை. வெறும் பலகை, வெறும் பூச்சு.

மிக்ஷா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். தாடி வளர்ந்திருக்கிறது. வில்லோ அவனிடம் போய், என்னைக் கேட்காமலே, எல்லாவற்றையும் சொன்னாள். குரலை, முன்னால் போகிற பாயை, காலி இடத்தை. அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். கடைசியில் அறுத்துப் போட்ட துண்டுகளைக் காட்டி, “இதை அறுத்து என்னம்மா பிரயோஜனம்? படகு எல்லாம் ஒண்ணுதானே” என்றான்.

அவன் போன பிறகு, ஏன் சொன்னாய் என்று கேட்டேன். அவனுக்குத் தெரிய வேண்டும் என்றாள். எனக்கு அவன் கேட்ட விதம் பிடிக்கவில்லை. துக்கப்படுகிறவன் கேட்கிற மாதிரி இல்லை. வழி கேட்கிறவன் மாதிரி இருந்தது.

அக்டோபர் 18, சனி

மிக்ஷா துறையின் அணைக்கரையில் போய் நிற்கிறானாம். மூடுபனி இருக்கிற நாட்களில் மட்டும்.

நவம்பர் 1, சனி

காலை முழுக்கப் பனி. வில்லோவும் நானும் சாமந்தியும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போனோம். இறந்தவர்களுக்கு விளக்கேற்றும் நாள், ஊரே அங்கேதான். வெண்டெலுக்கு ஏற்றிவிட்டுத் தோர்காவிடம் போனோம். அங்கே ஒரு விளக்குகூட இல்லை. இந்த நாளில் புருஷன் வந்து ஏற்றாமல் இருப்பானா என்று வில்லோவைப் பார்த்தேன். அதற்குள் ரெஜோ மாமா போன். மிக்ஷா யாருடைய படகையோ தண்ணீரில் இறக்கிப் பாய் கட்டிக்கொண்டிருக்கிறான், சொன்னால் கேட்கவில்லை, வயசான என்னால் அவனைப் பிடித்து நிறுத்த முடியாது என்றார்.

ஓடினோம். துறையில் அந்த ஒரு படகுதான். மற்றதெல்லாம் கொட்டகைக்குப் போய்விட்டன. மிக்ஷா தனியாக உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. கோட்டோடு, கல்லறைக்குப் போட்டுக்கொண்டு போன காலணியோடு, இறங்கி முன்னால் உட்கார்ந்தேன்.

“இறங்கு எதெல்கா.”

“முன்பாயை யார் பிடிப்பா?”

அவன் படகைத் தள்ளினான். அணைக்கரையின் முனைவரை வில்லோ கூடவே நடந்தாள். பின்னால் பனி மூடிவிட்டது.

லேசான காற்று. முதல் மிதவை, வெளி மிதவை, அதற்கும் அப்பால். பின்னால் இருக்கிறவனுக்குப் பெரிய பாய் மறைக்கும், கீழ்ப்பக்கம் தெரியாது. அந்தப் பக்கத்தைப் பார்த்துச் சொல்வது எப்போதும் முன்பாய்க்காரியின் வேலை. பாயின் அடியில் குனிந்து பார்த்தேன்.

வெகு பக்கத்தில், எங்களோடு சமமாக, ஒரு கலோஸ் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேர். அவர் தலையை மல்லாத்தி ஏதோ சொன்னார் போல, முன்னால் இருந்தவள் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினாள், சரியாக எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. எடை கச்சிதமாக இருந்தது. இருவரும் சாய்வது ஒன்றாக, நிமிர்வது ஒன்றாக. தோர்கா பனியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னை அவர்களில் யாருக்கும் தெரியவில்லை.

“யாராவது இருக்காங்களா?” என்றான் மிக்ஷா. குரல் காய்ந்திருந்தது.

“யாரும் இல்ல.”

“நல்லா பாரு, எதெல்கா.”

“பார்த்துட்டுதான் சொல்றேன். பனிதான் இருக்கு. கரைக்குத் திருப்பு.”

அவன் அழ ஆரம்பித்தான். சுக்கானைத் தள்ளவும் இல்லை, விடவும் இல்லை. நான் அந்தப் பக்கம் பார்ப்பதை நிறுத்திவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். படகு மெல்லத் திரும்பியது. முன்பாயை மறுபக்கம் மாற்றினேன். கரை எந்தத் திசை என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. அப்போது பனிக்குள்ளிருந்து வில்லோவின் குரல். எதெல்கா, எதெல்கா என்று நிறுத்தாமல், மாடு மேய்ப்பவள் மாதிரி தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தோம்.

மிக்ஷா எங்கள் வீட்டில் சூப் குடித்தான். மத்தியானம் மூன்று பேரும் தோர்காவுக்கு விளக்கேற்றினோம். பிரியும்போது வாசலில் நின்று மறுபடி கேட்டான், நிஜமாகவே யாரும் இல்லையா என்று. இல்லை என்றேன். நாளைக்கும் கேட்பான். நாளைக்கும் அதையேதான் சொல்லப் போகிறேன்.